சாதிக் பாய் வீட்டில் இரண்டு இன்ஜினியர்கள்

உங்களில் யாரையாவது வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நிறுத்தி, "நீ போலி" என்று சொல்லியிருக்கிறார்களா? என்னைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கும்மிடிப்பூண்டியில், ஸ்க்ரூ டிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் அசடு வழிய நின்றேன். நிஜமான போலி உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரிட்டையர் ஆனவளைப் பேச விட்டால் எங்கே நிறுத்துவாள் என்று உங்கள் மேனேஜர் யோசிக்கவில்லை போல. வைரஸை எப்படி எடுப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தக் காலத்தில் நான் பொக்கிஷம்போல் வைத்திருந்த சிடிக்களை எல்லாம் இப்போது முருங்கை மரத்தில் கட்டிக் காக்கா விரட்டுகிறேன். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். உங்களுக்கும் ஒருநாள் அப்படி ஒரு வாசல் வரும்.

இரண்டாயிரங்கள் முடியப்போகிற சமயம் அது. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அப்போதுதான் பிராட்பேண்ட் வந்துகொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் சர்வீஸ் பார்த்தேன். கடை என்றால் முதலாளி, நான், ஒரு பழைய ஸ்கூட்டி. வார நாட்களில் சிப்காட் கம்பெனி ஆபீஸ்கள், ஞாயிற்றுக்கிழமை வீடுகள். அன்றுதான் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். கம்ப்யூட்டரும் அன்றைக்கென்று பார்த்துத்தான் படுத்துக்கொள்ளும்.

சாதிக் பாய் பழவேற்காட்டுக்காரர். ஏரி இறாலையும் நண்டையும் ஐஸ் பெட்டியில் அடைத்துச் சென்னைக்கு அனுப்பும் வியாபாரம். கும்மிடிப்பூண்டியில் வீடு கட்டிக் குடும்பத்தோடு வந்திருந்தார். மகள் ஷபானா பள்ளிக்கூட டீச்சர். பாயின் வியாபாரத்துக்கான நெட் பேங்கிங்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்ப்பது அவள்தான். பாயின் மனைவி மைமூன் பீவிக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வேலை இருந்தது. அது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் வெளியே போனபிறகு, மத்தியானத்தில், அந்த அம்மா சீட்டு ஆடுவார். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வருமே, ஒற்றை ஆளாக அடுக்குகிற சீட்டாட்டம், அதுதான். ஒருநாள் அது சலித்துப்போய், சீட்டுப் படம் போட்டு மின்னிய ஏதோ ஒரு விளம்பரத்தை அமுக்கிவிட்டார். புது ஆட்டம் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது.

மறுநாள் திரை முழுக்கச் சிவப்புப் பெட்டி. உங்கள் கம்ப்யூட்டர் பேராபத்தில் இருக்கிறது, உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. தீயணைப்பு வண்டி போவது மாதிரி ஒரு சத்தம் வேறு. அந்த அம்மா நடுங்கிப்போய்ப் போன் செய்தார். மறுமுனையில் தேன் ஒழுகப் பேசிய ஒருவர், "எதையும் தொடாதீங்கம்மா. ஞாயித்துக்கிழமை எங்க இன்ஜினியரே ஊட்டுக்கு வருவாரு" என்றார். சீட்டாடியது வெளியே வந்துவிடுமே என்று மைமூன் பீவி இதைப் பாயிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை பாயின் கண்ணிலும் அதே சிவப்புப் பெட்டி பட்டது. அவர் எங்கள் கடைக்குப் போன் செய்து என்னை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். அவரும் மனைவியிடம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றெல்லாம் ஒன்றுமில்லை. எதையும் வீட்டில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று காலை எனக்குத் தெரிந்ததெல்லாம் பாய் வீட்டு விலாசம் மட்டும்தான்.

கதவைத் தட்டினேன். மைமூன் பீவி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"யாரு?"

"கம்ப்யூட்டர் சர்வீஸும்மா. பாய் வரச் சொன்னாரு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சர்வீஸ் ஆளு அப்பவே வந்து உள்ள உக்காந்துகினு இருக்காரே. நீ இன்னா, இன்னொரு சர்வீஸு?"

அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கூடத்தில் ஒரு பையன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கலாம். கழுத்தில் டை. அதற்கு மேலே நீல நாடாவில் தொங்கும் அடையாள அட்டை. தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, அதையும் மரியாதையாக வாசலில் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். நானோ ஸ்கூட்டியில் வந்த வெயிலில் வேர்த்து, துப்பட்டாவில் முகம் துடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"பாய் எங்கம்மா?" என்றேன்.

"பழவேற்காட்டுக்குப் போயிருக்காரு, லோடு ஏத்த. அத்த உடு. உன் அட்டை எங்க?"

"எந்த அட்டைம்மா?"

"அதாம்மா, கயித்துல கோத்து மாட்டிப்பாங்களே. அவரு மாட்டிகினு இருக்காரு பாரு."

எங்கள் முதலாளி கடைக்குப் போர்டு எழுதியதே பெரிய செலவு என்று நினைப்பவர். "கடைல அட்டையெல்லாம் குடுக்கலம்மா" என்றேன்.

"ம்" என்றார் மைமூன் பீவி.

உள்ளே இருந்து பையன் எழுந்து வந்தான். குரலைத் தாழ்த்தி, எனக்கும் கேட்கும்படியாகவே சொன்னான். "மேடம், ப்ளீஸ் கேர்ஃபுல்லா இருங்க. இப்ப இந்த மாதிரி டூப்ளிகேட் ஆளுங்க நெறைய பேர் சுத்தறாங்க. ஐடி கார்டு இல்லாம யாரையும் உள்ள விடாதீங்க."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நானே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லும் புத்திமதி அது. அதை என்னைப் பார்த்தே ஒருவன் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு ஷபானா வந்தாள். நல்ல புடவை, கையில் மருதாணி. அன்று மத்தியானம் பஹ்ரைனில் இருந்து மாப்பிள்ளை கேமராவில் வருவதாக ஏற்பாடு. போட்டோ பார்த்துப் பிடித்துப்போய், இரண்டு வீட்டுக்காரர்களும் பேசி, பையனும் பெண்ணும் ஒருதரம் முகம் பார்த்துப் பேசட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். மைமூன் பீவியின் பரபரப்புக்குப் பாதிக் காரணம் அதுதான். அந்தப் பெட்டிக்குள்ளேதான் அன்றைக்கு மாப்பிள்ளை இருந்தார்.

"உம்மா, யாரு இவங்க?"

"வாப்பா வரச் சொன்னாங்களாம். இன்னாவோ சொல்லுது இந்தம்மா."

ஷபானா மொபைலை எடுத்துத் தகப்பனாருக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இறால் ஏலம் நடக்கும் இடத்து இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது. மறுபடியும் போட்டாள். அதே கதை.

இதற்குள் பையன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டான். கம்ப்யூட்டரில் ஏதோ சிடி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நீளமாக ஒரு பச்சைப் பட்டை நகர்ந்தது. அதன் மேலே 'எங்கள் சர்வருடன் இணைக்கப்பட்டுள்ளது, தலைமை இன்ஜினியர் உங்கள் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிறார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே பிடிபட்ட வைரஸ்களின் எண்ணிக்கை ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

பையன் கீபோர்டை ஷபானா பக்கம் திருப்பினான். "மேடம், ஒரே ஒரு ஸ்டெப். இதுல பேங்க் வெப்சைட் யூஸ் பண்றீங்க இல்ல? அந்த பாஸ்வேர்டை இந்த பாக்ஸ்ல ஒருவாட்டி டைப் பண்ணிடுங்க. சேஃபா இருக்கான்னு செக் பண்ணிச் சொல்லிடும். அப்புறம் அஞ்சே நிமிஷம், கேமரா ரெடி."

இப்போது கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். அந்த வாசலில் நீங்கள் நின்றால் என்ன செய்வீர்கள்?

எனக்கு வாய் வரைக்கும் வந்தது, "அவன் திருடன்!" என்று கத்த. கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டை கட்டியவனைப் பார்த்துத் துப்பட்டாக்காரி கத்துகிறாள். தெருவே கூடி என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கும். அந்தக் கலாட்டாவில் ஷபானா பாஸ்வேர்டைத் தட்டி முடித்திருப்பாள். சரி, நான் உண்மையான ஆள் என்று நிரூபிக்கலாமா? எதைக் காட்டி நிரூபிப்பது? ஸ்க்ரூ டிரைவரையா? எனக்கு ஒன்று மட்டும் அப்போது தெளிவாகத் தெரிந்தது. என்னை அவர்கள் நம்புவதும் நம்பாததும் அப்புறம். முதலில் அந்தப் பெட்டியில் பாஸ்வேர்டு விழக் கூடாது. விழுந்தாலும் வீட்டைத் தாண்டக் கூடாது.

"ஒரே ஒரு நிமிஷம் மேடம். என்னை நம்பவே வேணாம். நான் கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன், உள்ளயும் வர மாட்டேன்" என்றேன். "இதோ, வாசக் கதவுக்குப் பக்கத்துலயே டெலிபோன் ஒயர் இருக்கு, நெட்டும் இதுலதான் வருது. இத மட்டும் பிடுங்கறேன். தப்புன்னா போலீஸக் கூப்பிடுங்க. ஆனா லேண்ட்லைன்ல கூப்பிட முடியாது, அதான் பிடுங்கிட்டேனே, மொபைல்ல கூப்பிடுங்க."

சொல்லிக்கொண்டே சுவரில் இருந்து பிடுங்கிவிட்டேன்.

"அய்யய்யோ!" என்று அலறினார் மைமூன் பீவி. "மாப்பிள்ளை வர்ற நேரத்துல ஒயரப் புடுங்கிட்டாளே! இது இன்னாடி பேஜாரு!" என் கையில் இருந்து ஒயரைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. இழுபறி நடந்தது. பையன் பதறிப்போய், "மேடம், கனெக்‌ஷன் கட் ஆனா எல்லாம் கரப்ட் ஆயிடும்!" என்று கத்தினான்.

ஷபானா மட்டும் கத்தவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சைப் பட்டை நகர்ந்துகொண்டே இருந்தது. வைரஸ் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. மோடத்தில் விளக்கு அணைந்துவிட்டது. ஆனால் எங்கேயோ இருக்கும் அந்தத் தலைமை இன்ஜினியர் கொஞ்சமும் அசராமல் கம்ப்யூட்டரைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"உம்மா, அந்த ஒயர விடுங்க" என்றாள் ஷபானா. பிறகு பையனைப் பார்த்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனிடம் கேட்கிற குரலில் கேட்டாள். "சார், ஒயரே இல்ல. நெட்டே இல்ல. அப்ப இது யாரோட கனெக்ட் ஆயிருக்கு?"

பையன் திரையைப் பார்த்தான். குனிந்து மோடத்தைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். பட்டை கடைசிவரை போய் நின்றது. 'எல்லா வைரஸ்களும் நீக்கப்பட்டன. எங்கள் சர்வரைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி' என்று வந்தது. கைதட்டும் சத்தம்கூடக் கேட்டது.

அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிபட்ட திருடன் முதலில் எங்கே பார்ப்பான்? கதவைப் பார்ப்பான். இவன் கதவைப் பார்க்கவே இல்லை. சிடி டிரைவைத் திறந்து, சிடியை எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாது இது..." என்றான். அதுவரை பேசிய இங்கிலீஷெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "சர்வர்லேர்ந்துதான் சரி பண்றாங்கன்னு சொன்னாங்களே. நெட்டு இல்லாம எப்படி ஓடுது?"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கு உண்மையாகவே தெரியாது.

பெயர் குமரேசன். ஆர்.கே.பேட்டைப் பக்கம். டிப்ளமோ முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன், 'சர்வீஸ் இன்ஜினியர் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சென்னைக்குப் போயிருக்கிறான். ஒரு மாடியில் ஆபீஸ். டை கட்டக் கற்றுக்கொடுத்து, எப்படிப் பேசவேண்டும் என்று பாடம் நடத்தி, சிடியும் அட்டையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சிடியைப் போடவேண்டும், பாஸ்வேர்டை வாடிக்கையாளர் கையாலேயே அடிக்க வைக்கவேண்டும், மற்றதைத் தலைமை இன்ஜினியர் பார்த்துக்கொள்வார். போலி ஆட்கள் வருவார்கள், ஜாக்கிரதை என்பதும் அந்தப் பாடத்தில் ஒரு பகுதி.

"ஒண்ணு பண்ணு தம்பி" என்றேன். "உங்க ஆபீசுக்குப் போன் போடு. ஒயரு கட் ஆயிடுச்சு, ஆனாலும் சிடி ஓடுது, ஏன்னு கேளு. லவுட் ஸ்பீக்கர்ல போடு."

அவன் போட்டான். மரியாதையாக விஷயத்தைச் சொன்னான். நாங்கள் நான்கு பேரும் அந்தச் சின்ன மொபைலைச் சுற்றி நின்றோம்.

"அத்த உடுய்யா" என்றது மறுமுனை. "பாஸ்வேர்டு போட்டாங்களா, இல்லையா?"

"இல்ல சார், நெட்டு இல்லாம எப்படி..."

"யோவ், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. போட்டாங்களா, இல்லையா?"

குமரேசன் போனை அணைத்தான். பிறகு கழுத்தில் இருந்து அட்டையைக் கழற்றினான். நாடா டையில் சிக்கிக்கொண்டது. அதைப் பிரிக்கத் தெரியாமல் இழுத்து இழுத்துப் பார்த்தான். மைமூன் பீவிதான் கிட்டே போய், "இரு இரு, கழுத்து இறுகிக்கப்போவுது" என்று சிக்கெடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பாய் வந்து சேர்ந்தார். ஏலம் முடிந்து மொபைலைப் பார்த்தால் மகளிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். அடித்துப் பிடித்து வண்டியை ஓட்டி வந்திருக்கிறார். சட்டையெல்லாம் ஐஸ் தண்ணீர், இறால் வாடை. ஷபானா இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாய் குமரேசனின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"என் ஊட்டுக்குள்ளயே வந்து..."

"பாய், கைய எடுங்க!" என்றேன். "அடிச்சீங்கன்னா ஓடிடுவான். ஓடிட்டான்னா இதுக்கு முன்னாடி எந்தெந்த வீட்டுக்குப் போனான்னு நமக்குத் தெரியாது."

பாய் நிறுத்தினார். ஆனால் கை காலரிலேயே இருந்தது. மைமூன் பீவி குறுக்கே வந்தார். "விடுங்க. புள்ள கார்த்தால வெறும் வயித்தோட வந்துச்சு. நாஷ்டாகூட முழுசா துன்னல."

"இவன யாரு கூப்பிட்டது?" என்றார் பாய். "நான் இந்தம்மாவைத்தானே கூப்பிட்டேன்!"

மைமூன் பீவி என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"நான்தான் கூப்பிட்டேன்."

"நீ எதுக்குக் கம்ப்யூட்டர்கிட்ட போன?"

"சீட்டு ஆடுனேன்."

பாய் காலரை விட்டுவிட்டார். மனைவி பக்கம் திரும்பினார். பிறகு ரொம்ப மெல்லக் கேட்டார்.

"ஜெயிச்சியா?"

ஷபானாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் நான். குமரேசன் சிரிக்கவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

பாக்கிக் கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஷபானா என்னிடம் கேட்டாள், "மேடம், இப்ப நீங்க சரி பண்ணிடுங்க. மத்தியானம் கேமராவுக்கு ரெடி ஆயிடும் இல்ல?"

கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வாசலில் நிறுத்தப்பட்டவளுக்கு, இப்போது கிடைத்த மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள ஆசை இருக்காதா? 'ஆயிடும்' என்று சொல்லியிருக்கலாம். ஒயரைத் திரும்பச் சொருகியிருந்தால் மாப்பிள்ளையும் வந்திருப்பார், கூடவே சிடி ஏற்றிவைத்த திருட்டுப் புரோகிராமும் வேலையைத் தொடங்கியிருக்கும்.

"ஆவாது டீச்சர்" என்றேன். "இத மொத்தமா அழிச்சுப் புதுசா ஏத்தணும். இன்னிக்கு இந்த ஒயரத் தொடக் கூடாது."

மைமூன் பீவியின் முகம் மறுபடியும் மாறியது. "அந்தப் புள்ள அஞ்சு நிமிஷம்னு சொல்லுச்சே" என்று முணுமுணுத்தார். போலி என்று தெரிந்த பிறகும் அந்த அஞ்சு நிமிஷத்தின் மேல் அவருக்கு ஆசை விடவில்லை. ஆட்கள் உங்களிடமும் அதைத்தான் கேட்பார்கள், அஞ்சு நிமிஷம். ஏமாற்ற வருபவன் எப்போதும் கொடுப்பான். நீங்கள்தான் கொடுக்க முடியாமல் கெட்ட பேர் வாங்குவீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரவுசிங் சென்டருக்குப் போகலாமே என்றேன். பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து பெண்ணைக் காட்டுவதா என்று பாயும் மனைவியும் ஒரே குரலில் மறுத்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. கடைசியில் ஷபானாவே மொபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாப்பிள்ளைக்கு அவளே போன் செய்தாள். நாங்கள் கூடத்தில் இருந்தே கேட்டோம். "கம்ப்யூட்டர்ல தப்பான புரோகிராம் ஏறிடுச்சு, இன்னிக்கு முடியாது" என்றாள். பிறகு அவள் குரலில் சிரிப்பு. "ஆமா, ஒயரப் பிடுங்கிட்டோம்... அதெப்படி உங்களுக்குத் தெரியும்?"

மாப்பிள்ளைக்குப் பஹ்ரைனில் கம்ப்யூட்டர் வேலையாம். அவர் கேட்ட முதல் கேள்வி, ஒயரைப் பிடுங்கிவிட்டீர்களா என்பதுதான். அப்புறம் அவள் வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று. முகம் பார்க்காமலே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று பாய்க்குப் புரிந்தது. மைமூன் பீவிக்கு அதற்கும் முன்னாலேயே புரிந்துவிட்டது. பிரியாணிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்குச் சாப்பிட நேரமில்லை. குமரேசனை உட்கார வைத்து, எந்தெந்த வீட்டில் யார் யார் பாஸ்வேர்டு அடித்தார்கள் என்று கேட்டேன். அவன் ஒவ்வொருவரையும் முகத்தோடு நினைவு வைத்திருந்தான். காக்களூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் வீடு. தேர்வாய் கண்டிகைப் பக்கம் ஒரு கான்ட்ராக்டர் வீடு. பொன்னேரியில் ரிட்டையர் ஆன ஃபோர்மேன் ஒருவர். இன்னும் சிலர். பொன்னேரிக்காரர்தான் ஆகச் சமீபம், வெள்ளிக்கிழமைதான் அடித்திருக்கிறார். ரிட்டையர் ஆனபோது வந்த பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறதாம். அதையும் அவரே குமரேசனிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

நம்பர்களெல்லாம் குமரேசனின் மொபைலில் இருந்தன, அதைப் பார்த்துப் பாயின் மொபைலில் முதல் போனை ஃபோர்மேனுக்குப் போட்டேன். நான் யார், என்ன நடந்தது என்று சொன்னேன். உங்கள் பேங்க் கார்டுக்குப் பின்னால் ஒரு நம்பர் அச்சடித்திருக்கும், அதற்கு உடனே போன் செய்து கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். நம்பரை நான் சொல்லக்கூட இல்லை. அவர் கையில் இருக்கும் கார்டைப் பார்த்தே போடட்டும்.

"நீ யாரும்மா?" என்றார் அவர். "அந்தத் தம்பி ரொம்ப மரியாதையான புள்ள. ஷூவ வெளிய விட்டுட்டுதான் உள்ள வந்துச்சு. உன்ன மாதிரி ஆளுங்க போன் பண்ணுவாங்கன்னு அப்பவே சொல்லிட்டுதான் போச்சு. வெய்யி போன."

வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், மறுபடி வைத்தார். பாய் பேசிப் பார்த்தார். பாயையும் திட்டிவிட்டு வைத்தார். எவ்வளவு உண்மை சொன்னாலும் அவர் காதில் ஏறாது என்று எனக்குப் புரிந்தது. அவர் நம்புகிற குரல் ஒன்றே ஒன்றுதான், அது எங்கள் எதிரில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது.

போனைக் குமரேசனிடம் நீட்டினேன். அவன் பின்வாங்கினான். "நான் இன்னான்னு சொல்லுவேன் மேடம்?"

"உள்ளதச் சொல்லு."

அவன் போனை வாங்கி அந்த நம்பரை மறுபடி போட்டான். "சார், நான் குமரேசன் பேசறேன். வெள்ளிக்கிழமை வந்தேன் இல்ல சார், மரியாதையான புள்ளன்னு சொல்றீங்களே, அது நான்தான் சார். நான் போட்ட சிடி திருட்டு சிடி சார். எனக்கே இப்பதான் தெரிஞ்சுது. அந்தம்மா சொல்றது நெசம். பேங்குக்குப் போன் போடுங்க சார். உங்க கால்ல உழுறேன், இப்பவே போடுங்க."

பிறகு, "கார்டு எங்கடி வெச்சிருக்க?" என்று அவர் வீட்டுக்குள் கத்துவது கேட்டது. அன்றைக்கு நான் கேட்டதிலேயே இனிமையான சத்தம் அதுதான்.

மீதி வீடுகளுக்கும் அவனையே பேச வைத்தோம். எல்லோரும் தப்பினார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். காக்களூர் லேத் பட்டறைக்காரர் கணக்கில் முன்னாலேயே கை வைத்துவிட்டார்கள். அவர் குமரேசனைத் திட்டியதை இங்கே சொல்ல முடியாது. பையன் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றான். மறுநாள் பாயே அவனைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். சென்னை மாடியில் போய்ப் பார்த்தபோது பூட்டுத்தான் தொங்கியது. குமரேசன் சாட்சி சொல்ல ரொம்ப நாள் அலைந்தான்.

அந்த வாரம் முழுக்க நானும் அவனும் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போனோம். அவன் ஏற்றியதையெல்லாம் நான் அழித்தேன். காக்களூரைத் தவிர எல்லா வீட்டிலும் அவனுக்குத்தான் காபி முதலில் வந்தது.

கடைசியாகப் பொன்னேரி ஃபோர்மேன் வீடு. பணம் பத்திரமாக இருந்தது. பேங்குக்கு நேரில் போய் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குமரேசனின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். மனைவியைக் கூப்பிட்டு வடை சுடச் சொன்னார். அந்தத் தெருவில் தன்னை மாதிரி உஷாரான ஆள் யாரும் இல்லை என்று எங்களிடமே சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப புது பாஸ்வேர்டு வெச்சிருக்கேன் பாரு. எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது. சொல்றேன் கேளு, மொதல்ல என் பேரன் பேரு, அதுக்கப்புறம்..."

"சொல்லாதீங்க சார்!" என்று நான் கத்தினேன். குமரேசன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டான்.